280 ரூபாய் டிடிஎஸ் மீட்டர்: ஒரு வருஷம் வைத்திருந்த பிறகு

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு போன்றவற்றின் அளவை (டிடிஎஸ்) மதிப்பிட்டு எண்ணாகக் காட்டும் பேனா அளவுக் கருவி. மூடியைக் கழற்றி, அடியில் உள்ள இரண்டு முனைகளும் நனையும்படி தண்ணீரில் பிடித்தால் சில விநாடிகளில் எண் வந்து நிற்கும். ஒரு வருஷத்தில் ஒரே முறைதான் பேட்டரி மாற்றினேன். மூடி மட்டும் கொஞ்சம் லூஸ்.

இதை வாங்கியதற்குக் காரணம், கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு விற்பனையாளர். ஒரு தம்ளரில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர், அதாவது உப்பை வடிகட்டி நீக்கும் மெஷினின் தண்ணீர். இரண்டிலும் இரும்புக் கம்பிகளை இறக்கி கரண்ட் கொடுத்தார். போர் தண்ணீர் துருநிறத்தில் கலங்கியது. அவருடையது அப்படியே தெளிவாக இருந்தது. "இதைத்தானுங்க அக்கா குடிச்சிட்டிருக்கீங்க" என்றார். அத்தை பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டார். அன்றைக்கே 14,000 ரூபாய்க்கு மெஷின் வாங்கிவிட்டோம். நாங்கள் குடிப்பது சிறுவாணித் தண்ணீர். போர் தண்ணீர் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும்தான். அதைக்கூட அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

பத்தாவது படிக்கும் மகள்தான் கேட்டாள்: "அவர் தம்ளர்லயும் உப்பு போட்டிருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?" இரண்டு ஆணி, ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு. கொஞ்ச நேரத்தில் அதுவும் துருநிறமானது. அந்த அழுக்கு தண்ணீரிலிருந்து வரவில்லை, ஆணியின் இரும்பு கரைந்து வந்தது. உப்பு இருந்தால் கரண்ட் பாயும், இரும்பு கரையும். உப்பு இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது.

அப்புறம்தான் இந்த மீட்டர் வந்தது. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் போர் 1,140. சிறுவாணி 46. மெஷினிலிருந்து வருவது 9. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, ஐஎஸ் 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. 46-ஐ 9 ஆக்குவதற்காக, மெஷின் கழிக்கும் தண்ணீரை தினமும் பக்கெட்டில் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அதோடு நான் தெளிந்துவிடவில்லை. சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் மீட்டரோடு போய் எது நல்ல தண்ணீர் என்று தீர்ப்புச் சொன்னேன். ஒரு மழை நாளில் மொட்டைமாடி பக்கெட்டில் தேங்கிய தண்ணீரில் வைத்தேன். புறா எச்சம் விழுந்த தண்ணீர், 31 காட்டியது. சிறுவாணியைவிடக் குறைவு! அன்றைக்குத்தான் புரிந்தது, விற்பனையாளரின் கம்பியை நம்பிய மாதிரியே இந்த எண்ணையும் நம்பியிருக்கிறேன் என்று. இது அளப்பது தண்ணீரில் கரண்ட் எவ்வளவு பாய்கிறது என்பதை மட்டும்தான். கிருமி தெரியாது. இரண்டு ஸ்பூன் சர்க்கரை கரைத்துப் பார்த்தேன், எண் ஏறக்குறைய நகரவே இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் எங்கள் வீட்டில் எண் குறையவில்லை, ஆனாலும் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம்.

பெட்டியின் பின்னால் '0 முதல் 50 வரை மிகச் சிறந்தது' என்று ஓர் அட்டவணை அச்சிட்டிருக்கிறார்கள். அதை நம்பாதீர்கள். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், குறைத்த ஒன்று அதற்குத்தான். போர் தண்ணீர், லாரி தண்ணீர் வாங்குகிறவர்கள் உப்பு ஏறுகிறதா என்று பார்க்க தாராளமாக வாங்கலாம். கிருமி இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஆய்வகத்தில்தான் கொடுக்க வேண்டும்.

போன மாதம் இன்னொரு விற்பனையாளர், தண்ணீரில் விட்டால் நிறம் மாறும் சொட்டு மருந்தோடு வந்தார். "இந்தச் சொட்டு எதைப் பார்த்து நிறம் மாறுது தம்பி?" என்று கேட்டேன். ஆபீஸில் கேட்டுச் சொல்வதாகப் போனார், இன்னும் வரவில்லை.