விசேட அலகா, வழமையான வகுப்பா?

டிஸ்லெக்சியா (வாசிக்க, எழுதச் சிரமப்படும் நிலை) உள்ள பிள்ளையை எங்கே சேர்ப்பது? பள்ளிக்குள்ளேயே இப்படியான பிள்ளைகளுக்குத் தனியாக நடக்கும் விசேட கல்வி அலகிலா, எல்லாரோடும் வழமையான வகுப்பிலா? வன்னிப் பெற்றோர் பலருக்கும் இதே தலையிடி.

தூரம்: விசேட கல்வி அலகு எல்லாப் பள்ளியிலும் இல்லை, துணுக்காய் உட்கிராமமென்றால் பஸ்ஸை நம்பவேண்டும். வழமையான வகுப்பு ஊரிலேயே.

கவனிப்பு: அலகில் பிள்ளைகள் குறைவு. ‘கெ’வில் கொம்பு முன்னால் நிற்க, அதன் ஒலி பின்னால் வருவதை ஆசிரியர் பக்கத்தில் இருந்து மணலில் எழுதிக் காட்டலாம். வகுப்பிலோ பிள்ளை பாதி எழுதமுன் கரும்பலகை அழிந்துவிடும்.

பாடம்: கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு அலகு அலுத்துப்போகும்.

அலைச்சல்: வகுப்பென்றால் உங்களுக்குத்தான். முன்வரிசை, வாய்மொழி விடை எல்லாம் அதிபரிடம் கடிதமாகவே கேளுங்கள். வாயால் கேட்டது மறந்துபோகும்.

வாசிப்பு மட்டுமே சிக்கலென்றால் வகுப்பு. எழுத்தே பிடிபடாத சின்னப் பிள்ளைக்கு முதலில் அலகு சரி. அப்புறம் மாற்றிக் கேட்கலாம்.