லகோடாவா, மார்கனா?

பாஸ்டன் போயிருந்தபோது ஒரே ஒரு நாள் மிச்சமிருந்தது. நியூ பெட்ஃபோர்டுக்குப் போனால் லகோடாவைப் பார்க்கலாம், கனெக்டிகட்டின் மிஸ்டிக்குக்குப் போனால் சார்ல்ஸ் டபிள்யூ. மார்கனை. இரண்டுமே 19-ஆம் நூற்றாண்டில் திமிங்கிலம் பிடித்த பாய்மரக் கப்பல்கள். நான் லகோடா என்றேன். வீட்டில் பெரும்பான்மை எனக்கு எதிராகத்தான் இருந்தது.

மார்கனுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். அது நிஜக் கப்பல். 1841-ல் கட்டியது, 1921 வரை 37 வேட்டைப் பயணங்கள், இன்னும் தண்ணீரில் மிதக்கிறது. 2014-ல் மறுபடி கடலுக்கும் போய்வந்தது. நியூ பெட்ஃபோர்டில் இருப்பதோ 1916-ல் செய்து முடித்த, லகோடாவின் பாதி அளவு மாதிரி. அருங்காட்சியகக் கூரைக்குள்ளேயே கட்டியதால் அது கடலைப் பார்த்ததில்லை. அசல்தான் முக்கியம் என்பவர்கள் இத்தோடு மிஸ்டிக்குக்கு வண்டி ஏறலாம்.

என்னை இழுத்தது வேறு. மார்கன் வேட்டைக்கென்றே பிறந்தது. லகோடா 1826-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிட்டுவேட்டில் சரக்குக் கப்பலாகப் பிறந்தது. ருஷ்யாவின் லடோகா ஏரிப் பெயரை வைக்கப் போய் எழுத்து இடம் மாறிவிட்டது என்பார்கள். அந்தப் பிழையோடுதான் உலகம் சுற்றியது. 1841-ல், மார்கன் நீரில் இறங்கிய அதே ஆண்டில், ஜொனதன் போர்ன் என்ற நியூ பெட்ஃபோர்டு முதலாளி இதை வாங்கி வேட்டைக்கு மாற்றினார். ஒரே ஊரில் ஒருவர் புதிதாகக் கட்டுகிறார், இன்னொருவர் 15 வயதுக் கப்பலை வாங்குகிறார்.

பழையது எப்படித் தாக்குப்பிடித்தது? வேட்டைக் கப்பலுக்கு வேகம் பெரிதில்லை, வயிறுதான் பெரிதாக வேண்டும். மூன்று நான்கு ஆண்டுப் பயணத்துக்கான சாப்பாடும், திரும்பும்போது எண்ணெய்ப் பீப்பாய்களும் அதில் அடங்க வேண்டும். அந்த வயிறு சரக்குக் கப்பலுக்கு ஏற்கெனவே உண்டு. மாற வேண்டியது பெரும்பாலும் மேல்தளம். முன்பாய்மரத்துக்குப் பின்னால் செங்கல் அடுப்பு, அதில் கொழுப்பை உருக்க இரண்டு பெரிய இரும்புக் கொப்பரைகள். மரத்தளத்தின் மேல் நெருப்பு! அதனால் அடுப்புக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி. விறகுக்கும் அலைய வேண்டாம், உருக்கி எடுத்த சக்கையையே அடுப்பில் தள்ளினார்கள். அப்புறம் பக்கவாட்டில் வேட்டைப் படகுகளைத் தொங்கவிடும் வளைந்த கைகள், வெட்டும் ஆட்கள் நிற்க வெளியே நீட்டிய பலகை. மாதிரியின் தளத்தில் ஏறி நின்று அந்த அடுப்பைப் பார்த்தபோதுதான், சரக்கு ஏற்றிய தளத்தில் ஒரு தொழிற்சாலையையே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று உறைத்தது. மார்கனிலும் இதே அடுப்பு உண்டு. ஆனால் அங்கே அது ஆரம்பத்திலிருந்தே இருப்பது.

1860-ல் லகோடா இன்னொரு முறை மாறியது. பின்பாய்மரத்தின் குறுக்குப் பாய்களை எடுத்துவிட்டு ‘பார்க்’ வகையாக்கினார்கள். படகுகள் வேட்டைக்குப் போனபின் மிஞ்சும் சிலரே கப்பலைச் சமாளிக்க அது வசதி. 1871-ல் அலாஸ்காவின் வடகரையில் பனி நெருக்கி 33 கப்பல்களைக் கைவிட நேர்ந்தது. தப்பிய ஏழு கப்பல்கள் 1,219 பேரையும் ஏற்றிக்கொண்டன, ஓர் உயிர்கூடப் போகவில்லை. லகோடாவில் மட்டும் 195 பேர். சரக்குக்காகச் செய்த வயிறு அன்றைக்கு ஆட்களுக்கு உதவியது.

போர்ன் 1886-ல் அதை விற்றார். கடைசியில் ஜப்பானில் நிலக்கரி வைக்கும் மிதவைக் கிடங்காகக் கிடந்தது.

இதை வைத்து, பழையதை வாங்கியவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு லகோடாவைத்தான் பார்த்திருக்கிறேன். மார்கனில் கால் வைத்ததே இல்லை, அதனால் என் தராசு ஒரு பக்கம் சாய்ந்ததுதான். அசையும் தளத்தில் நிற்பதை எந்த மாதிரியும் தராது என்கிறாள் மனைவி. அடுத்த தடவை மிஸ்டிக் என்று அன்றைக்கே எழுதி வாங்கிவிட்டாள்.