களியக்காவிளைக் கடைத்தெருவில் புரோபயாட்டிக்: அறுபது தாண்டியவர்களுக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் பை எடுத்துக்கொண்டு ஒரு நடை போனால், வயதானவர்களின் வயிற்றுக்கு நல்லது என்று மூன்று பொருள்கள் கைக்கு வரும். ஆவின் தயிரும் மில்மா தயிரும் எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பாராமல் கிடைக்கின்றன. சூப்பர் மார்க்கெட் ஃபிரிட்ஜில் யாகுல்ட் என்ற புளித்த பால் பானம் நிற்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேப்சூல், பொடி, சின்னக் குப்பி. நாலாவது ஒன்று உண்டு, அதற்குக் காசு கிடையாது: வீட்டுச் சட்டியில் ஊறும் பழங்கஞ்சி. நான்கையும் அறுபது வயது தாண்டியவருக்கு என்ற ஒரே கணக்கில் வைத்துப் பார்த்திருக்கிறோம்.

முதலில் லேபிள். நுண்ணுயிர் உயிரோடு இருக்க வேண்டும், போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும், அந்த எண்ணிக்கையில் உடம்புக்குப் பலன் உண்டு என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அது புரோபயாட்டிக். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி ஒரு நாளைக்குச் சாப்பிடும் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர் இருக்க வேண்டும். அட்டையில் இரண்டை மட்டும் தேடுங்கள். நுண்ணுயிரின் முழுப்பெயர், அதாவது கடைசியில் வரும் ரகத்தின் பெயரோடு சேர்த்து. பிறகு, அந்த எண்ணிக்கை தயாரித்த நாளுக்கா, காலாவதி நாள் வரைக்குமா என்பது. "நல்ல பாக்டீரியா நிறைந்தது" என்று மட்டும் போட்டிருந்தால் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம்.

தயிர் இந்தக் கணக்கில் தேறாது, ஏனென்றால் எந்த ரகம், எத்தனை என்று யாரும் எண்ணிச் சொல்வதில்லை. ஆனாலும் தினசரிக்கு முதல் இடம் அதற்குத்தான். பாலின் இயற்கைச் சர்க்கரையான லாக்டோஸில் ஒரு பங்கைப் பாக்டீரியாவே தின்றுவிடுவதால், பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். கால்சியமும் பி12-உம் கூடவே வருகின்றன. சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினும் கேஸ் மாத்திரையும் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது வழக்கம் என்பதால் இது சின்ன லாபம் இல்லை.

பாக்கெட்டை விட உறை குத்தியது மேல். லிட்டர் பாலைக் காய்ச்சி, விரலை விட்டால் இளஞ்சூடாகத் தெரியும் வரை, அதாவது 40 டிகிரி சுமாருக்கு ஆறவிட்டு, ஒரு மேசைக்கரண்டி உறை. ஐந்தாறு மணி நேரத்தில் உறைந்ததும் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். மழைக்காலத்தில் எட்டு மணி வரை பிடிக்கும். உறையவே இல்லை என்றால் பெரும்பாலும் பால் அதிகச் சூட்டில் இருந்து, உறை செத்துப்போயிருக்கும். தண்ணீர் பிரிந்து புளித்தால் உறை கூடிப்போயிற்று, அல்லது வெளியே நெடுநேரம் இருந்துவிட்டது. வயதானவர்கள் புளித்த தயிரைத் தொடமாட்டார்கள். புளிக்காமல் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

யாகுல்ட்டுக்கு வருவோம். ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930-ல் பிரித்தெடுத்த ரகம், 1935-ல் விற்பனைக்கு வந்தது. 65 மில்லி பாட்டிலில் 650 கோடி பாக்டீரியா. ரகத்தின் பெயரும் எண்ணிக்கையும் தெளிவாக இருப்பதால் லேபிள் பரீட்சையில் இது சுலபமாகத் தேறுகிறது. குறை இரண்டு. ஒன்று சர்க்கரை: சாதா பாட்டிலில் இரண்டு டீஸ்பூனுக்குக் குறையாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரை குறைத்த லைட் வகையைக் கேட்டு வாங்கட்டும். இன்னொன்று குளிர்ச்சி. 10 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டிய பொருள் இது. ராத்திரி கடை அடைக்கும்போது ஃபிரிட்ஜையும் சேர்த்து அணைக்கும் கடைகள் உண்டு. காலையில் கடை திறந்த கையோடு போய்ப் பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருந்தால்தான் காசு கொடுங்கள். கட்டில் ஐந்து பாட்டில் இருக்கும். மீன் சந்தைக்கும் போய்ச் சுற்றிவிட்டு வீடு போவதானால் கடைசியாக வாங்குங்கள். சூடான கஞ்சியில் ஊற்றிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது 650 கோடியையும் அவிப்பது.

பழங்கஞ்சிதான் இந்தப் பட்டியலில் அதிகம் புகழப்படுவது, அதிகம் தவறாகவும் செய்யப்படுவது. மதியம் வடித்த சோறு மூடிய பானையில் ராத்திரி பத்து மணி வரை இருந்து, பிறகு தண்ணீர் ஊற்றினால் அது பழங்கஞ்சி இல்லை, ஆபத்து. வெதுவெதுப்பான சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளரும். அது விடும் ஒரு நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது. கேஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் இரைப்பையில் கிருமியைக் கொல்லும் அமிலமும் குறைவு, வாந்தி பேதி வந்தால் அந்த வயதில் உடம்பு சீக்கிரம் வற்றிவிடும்.

சரியான முறை சின்னதுதான். ராத்திரிச் சோறு வடித்ததும் சம்பா அரிசிச் சோறு ஒரு கப்பைத் தட்டில் பரப்பி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். மண்சட்டியில் போட்டு, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை இரண்டு விரல் மேலே நிற்கும்படி ஊற்ற வேண்டும். மறுபடி அடுப்பில் ஏறாத சாப்பாடு என்பதால் குழாய்த் தண்ணீரை நேரே ஊற்றக்கூடாது. அலுமினியப் பாத்திரம் புளிப்புக்கு ஆகாது. உப்பைக் காலையில்தான் போட வேண்டும், ராத்திரியே போட்டால் புளிப்பு மந்தமாகும். எட்டிலிருந்து பத்து மணி நேரம் போதும். சித்திரை, வைகாசியில் எட்டே தாராளம். காலையில் தண்ணீர் லேசாகக் கலங்கி, மோர் வாடை வர வேண்டும். சோற்றை எடுத்தால் நூல் இழுத்தாலோ, மேலே நிறம் தட்டினாலோ, சாராய வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள். உள்ளி (சின்ன வெங்காயம்), ஒரு காந்தாரி மிளகாய், நூறு மில்லி தயிர் பிசைந்து சாப்பிடலாம். ஊறுகாயை ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மறந்துவிடட்டும். நாள் முழுக்க 5 கிராம் உப்புதான் கணக்கு, ஊறுகாய் அதில் பெரிய பங்கைக் காலையிலேயே தின்றுவிடும்.

பழங்கஞ்சியில் சர்க்கரை ஏறாது என்று ஒரு பேச்சு ஓடுகிறது. ஆறிய சோற்றில் செரிக்காத மாவு கொஞ்சம் கூடுவது உண்மை. அதற்காக மூன்று கப் சாப்பிட்டால் சோறு சோறுதான்.

மெடிக்கல் ஷாப் சரக்கு தினசரிக்கு அல்ல. ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வரும் பேதிக்குத்தான் அதன் இடம், அதையும் டாக்டரிடம் கேட்டுத்தான். சாக்கரோமைசிஸ் புலார்டி என்ற ஈஸ்ட் 250 மில்லிகிராம் பொடியாக வருகிறது. ஈஸ்ட் என்பதால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. பேசில்லஸ் கிளாசி 5 மில்லி குப்பியில் 200 கோடி ஸ்போர்களாக, அதாவது உறக்க நிலை வித்துகளாக வருகிறது. குலுக்கிக் குடிக்க வேண்டும், ஃபிரிட்ஜ் தேவையில்லை, கரண்ட் அடிக்கடி போகும் ஊருக்கு அது வசதி. லாக்டோபேசில்லஸ் கேப்சூலானால் ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். புற்றுநோய் மருந்தில் இருப்பவர்கள், பெரிய ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் லைன் போட்டிருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தானாக வாங்கவே கூடாது. நுண்ணுயிர் ரத்தத்தில் கலந்து நோயாகியிருக்கிறது. பதினைந்து வகை பாக்டீரியாவும் செரிமான நொதிகளும் ஒரே டப்பாவில் என்று விலையேற்றி விற்கும் பொடிகளுக்கு எங்கள் கணக்கில் மதிப்பெண் இல்லை.

இந்த நுண்ணுயிர்கள் எல்லாம் குடலுக்கு விருந்தாளிகள்தான், வீட்டில் சோறு இருந்தால்தான் தங்கும். அயர்லாந்தில் 178 முதியவர்களை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். நெடுநாள் பராமரிப்பு இல்லத்தில் ஒரே மாதிரி சாப்பாடு சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் குறைவாக இருந்தன, அவர்களே உடல் தளர்ந்தும் இருந்தார்கள். நம் ஊரில் அந்தச் சாப்பாடு காலை தோசை, மதியம் வெள்ளைச் சோறு, ராத்திரி மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு). இதில் நார் எங்கே? ஒரு கை சிறுபயறு, அதாவது 30 கிராம், 7 கிராம் புரதத்தோடு நாரும் தரும். காணமும் (கொள்ளு) அப்படித்தான். முந்தின ராத்திரி ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, குக்கரில் குழைய வேகவைத்தால் பல் இல்லாதவருக்கும் ஆகும். அவித்த ஏத்தங்காயில் செரிக்காத மாவு உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு வாழையில் பொட்டாசியம் கூடும், கேட்டுவிட்டுக் கொடுங்கள். 60 கிலோ முதியவருக்கு நாளைக்கு 60 முதல் 72 கிராம் வரை புரதம் வேண்டும். 200 கிராம் தயிர் தருவது அதில் ஆறேழு கிராம்தான். மீதிக்குப் பயறு, முட்டை, சந்தையில் கிடைக்கும் சாளை மீன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் வயிறு உப்பி, மூன்றாம் நாளே "எனக்கு இது ஒத்துக்காது மக்களே" என்று தட்டைத் தள்ளிவிடுவார்கள். முதல் வாரம் மதியம் அரை கப் தயிர் மட்டும். இரண்டாம் வாரம் இரண்டு கரண்டி பயறு, கூடவே தண்ணீர் ஒரு டம்ளர் அதிகம். பழங்கஞ்சி அதற்குப் பிறகு, வாரத்தில் மூன்று நாள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மாத்திரைக்கும் தயிருக்கும் நடுவே நாலு மணி நேரம் இருக்கட்டும். அவர் காலைக் கஞ்சியைத் தயிர் இல்லாமல் குடித்து, தயிரை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.