ஸ்கேனர் வருகைகள்: வாசலில் தடுப்பதா, கருவியில் வடிப்பதா, பதிவில் குறிப்பதா?

ஒரு தளம் புதிதாகத் திறக்கப்பட்டதும், பெரும்பாலும் வாசகர்களுக்கு முன்பே, தளங்களைத் தானாகவே துழாவும் நிரல்களான ஸ்கேனர்கள் வந்துவிடுகின்றன. அதன் பாதுகாப்புச் சான்றிதழ் பொதுப் பதிவேடுகளில் ஏறிய சிறிது நேரத்திலேயே அங்கிருந்து தளத்தின் பெயரை எடுத்துக்கொண்டு, வேர்ட்பிரஸ் என்னும் தள மென்பொருள் நிறுவப்படாத தளத்திலும் அதன் உள்நுழைவுப் பக்கத்தையும், கடவுச்சொற்கள் இருக்கக்கூடிய அமைவுக் கோப்புகளையும் கேட்டுப் பார்க்கின்றன. இவற்றை வருகைக் கணக்கிலிருந்து பிரிக்க உள்ள மூன்று வழிகளில், வழங்கி (சர்வர்) தனக்கு வரும் கோரிக்கைகளை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு கணக்கிடும்போது குறியிடும் வழியையே நான் கைக்கொண்டிருக்கிறேன்.

வாசலிலேயே தடுப்பது முதல் வழி. எந்தப் பக்கங்களை எடுக்க வேண்டாம் என்று தானியங்கி நிரல்களைக் கேட்டுக்கொள்ளும் ரோபாட்ஸ் கோப்பை (robots.txt) இதில் சேர்க்க முடியாது. 1994இல் முன்மொழியப்பட்டு 2022இல் முறையான இணையத் தரமாக வெளியான அந்த ஏற்பாடு, விரும்பிக் கீழ்ப்படிபவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். ஃபயர்வால் உண்மையாகவே தடுக்கும், வழங்கியின் சுமையையும் குறைக்கும். ஆனால் தவறுதலாகத் தடுக்கப்பட்ட வாசகர் வருகைக் கணக்கில் தென்படவே மாட்டார் என்பதால், அளவீட்டுக்கென்று மட்டும் இதை நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது வழி, பகுப்பாய்வுக் கருவியின் வடிகட்டியை நம்புவது. கூகுள் அனலிட்டிக்ஸ் 4 அறியப்பட்ட பாட்களை, அதாவது தானியங்கி நிரல்களை, தானாகவே விலக்குகிறது. அந்த விலக்கலை நிறுத்தவும் முடியாது, எத்தனை வருகைகள் விலக்கப்பட்டன என்று பார்க்கவும் முடியாது. இக்கருவி பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வழியே எண்ணுகிறது; சாதாரண ஸ்கேனர்கள் அதை இயக்குவதில்லை என்பதால் அவை இக்கணக்கில் சேர்வதே இல்லை. தொல்லை தருபவை முழு உலாவியை இயக்கும் ஸ்கேனர்கள்தாம்; குறிப்பாக, மின்னஞ்சலில் உள்ள இணைப்பைப் பெறுநருக்கு முன்பே திறந்து பார்க்கும் பாதுகாப்புச் சேவைகள், செய்திமடலை உள்ளதைவிட வெற்றிகரமானதாகக் காட்டிவிடுகின்றன. நாமாக ஒரு விலக்கு வடிகட்டி அமைத்தாலும், அது அன்றிலிருந்து வரும் தரவுக்கு மட்டுமே பொருந்தும். விலக்கப்பட்டதை மீட்கவும் வழியில்லை.

என் தேர்வைத் தீர்மானித்தது இந்த மீட்பின்மைதான். ஒரு ஸ்கேனரை நாம் இன்று இனங்காணும்போது, அது பல மாதங்களாக வந்துகொண்டிருப்பது வழக்கம். மூலப் பதிவு கையில் இருந்தால், ஒரு விதியைச் சேர்த்துப் பழைய மாதங்களையும் மறுபடி கணக்கிடலாம். அந்த விதி மனிதர்களையும் சேர்த்து வாரிக்கொண்டது தெரிந்தால், அதை நீக்கியதும் அவர்கள் கணக்குக்குத் திரும்பிவிடுவார்கள். விதிகளைத் தனிக் கோப்பில், சேர்த்த தேதியோடும் காரணத்தோடும் வைத்திருந்தால், வரைபடம் திடீரென்று சரிந்ததற்குக் காரணம் வாசகர் குறைந்ததா, விதி மாறியதா என்ற கேள்விக்கும் விடை இருக்கும். கோஅக்சஸ் போன்ற பதிவுப் பகுப்பாய்வுக் கருவிகள் ஒரே கோப்பைப் பாட்களோடும் பாட்களின்றியும் எண்ணித் தரும். மட்டோமோ என்னும் பகுப்பாய்வுக் கருவியின் பதிவு இறக்குமதி நிரலோ இயல்பிலேயே பாட்களை விட்டுவிடும்; அவற்றையும் சேர்க்குமாறு தனியே சொல்ல வேண்டும்.

பராமரிப்புச் சுமை இங்கே கூடுதல் என்பது உண்மை. அதைக் குறைக்க, ஐ.பி. முகவரிப் பட்டியலைவிட நடத்தையை அடிப்படையாகக் கொண்ட விதிகளை எழுதுவது நல்லது. ஸ்கேனர்கள் பயன்படுத்தும் மேகச் (கிளவுட்) சேவைகளின் முகவரிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். இல்லாத பக்கங்களை அடுக்கடுக்காகக் கேட்பதும், பக்கத்தை எடுத்த பின் அதன் படங்களையும் தோற்றத்தை வரையறுக்கும் நடைதாளையும் கேட்காமல் போவதும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. வரும் நிரல் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் யூசர் ஏஜென்ட் வரியில் உள்ள பெயரைத் தனியாக நம்பக் கூடாது. கூகுள் தேடலின் பாட்டான கூகுள்பாட் என்று சொல்லிக்கொள்ளும் முகவரியின் பெயரைத் தலைகீழ் டிஎன்எஸ் வழியே கண்டு, அந்தப் பெயர் கூகுளுக்கு உரியதா என்பதையும், அது அதே முகவரிக்குத் திரும்புகிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

இந்த வழிக்கும் எல்லைகள் உண்டு. தளத்துக்கு முன்னால் சிடிஎன் (பக்கங்களின் நகலைச் சேமித்து வாசகருக்கு வழங்கும் இடைச் சேவை) இருந்தால், அதன் தற்காலிகச் சேமிப்பிலிருந்து வழங்கப்பட்ட பக்கங்கள் மூல வழங்கியின் பதிவில் வராது. சிடிஎன்னின் பதிவையே பெற வேண்டும். பதிவில் ஐ.பி. முகவரிகள் இருப்பதால், குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அவற்றை மறைப்பது வாசகருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை. மறைத்த பின் முகவரி சார்ந்த விதிகளைப் பழைய தரவில் இயக்க முடியாது. மேலும், என் அனுபவம் கட்டுரைகள் வெளியிடும் தளங்களோடு நிற்கிறது. உள்நுழைவுத் தாக்குதல்களைச் சந்திக்கும் வணிகத் தளத்துக்கு, அளவீடு எப்படியிருந்தாலும் வாசல் தடுப்பு கட்டாயம் என்றே கருதுகிறேன்.

முழு உலாவியோடு வந்து, படங்களையும் எடுத்து, சிறிது நேரம் தங்கிச் செல்பவற்றை நடத்தை விதிகளால் எப்போதும் பிரிக்க இயலாது. அவற்றுக்குச் ‘சந்தேகம்’ என்று மூன்றாவது குறியிட்டு, மாத அறிக்கையில் மனிதர், ஸ்கேனர் ஆகிய இரண்டிலும் சேர்க்காமல் தனி வரியாகவே காட்டுகிறேன்.