நெம்புகோலா, சாய்தளமா, கப்பியா: ஐந்து வயதுப் பிள்ளைக்கு எது முதலில்?

பாரத்தை லேசாக்கும் இந்த எளிய இயந்திரங்களைச் சொல்லித்தர முதலில் நெம்புகோல், அடுத்து சாய்தளம், கப்பி கடைசி. பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதற்குத் தலைகீழ். கயிறும் வாளியும் பார்க்க ஜோராக இருப்பதால் கப்பியில் ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்த வயதில் பாடம் ஏறுவது கைவழியாக. பாரம் குறைந்ததைக் கை உடனே உணர வேண்டும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் செட்டுகள் சோடை போவதும் இங்கேதான். எடையே இல்லாத பொருளில் எது லேசானது என்று எப்படித் தெரியும்?

நெம்புகோலுக்கு 90 செ.மீ. நீளத்தில் வளையாத பலகை, ஒரு பூரிக்கட்டை, 5 கிலோ அரிசிப் பை போதும். பலகையின் ஒரு நுனியிலிருந்து 30, 45, 60 செ.மீ. தூரங்களில் சாக்பீஸ் கோடு போடுங்கள். அதே நுனியிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பையின் நடுப்பகுதி வரட்டும். பூரிக்கட்டையை ஒவ்வொரு கோட்டுக்கும் நேர்கீழே வைத்து, மறுநுனியை ஒற்றைக் கையால் அமுக்கச் சொல்லுங்கள். பலகையின் எடையைத் தள்ளிவிட்டுக் கணக்குப் பார்த்தால் முதல் கோட்டில் சுமார் 1.7 கிலோ அழுத்தம் போதும். நடுக்கோட்டில் 3.9, கடைசியில் 8.3. அரிசி அதேதான், முட்டாக வைத்த பூரிக்கட்டை மட்டுமே நகர்ந்தது என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும்.

கெடுவது இரண்டு இடத்தில். பூரிக்கட்டை உருண்டு ஓடும். இருபுறமும் ஈரத்துணியை மடித்து அண்டை கொடுங்கள். பை வழுக்கும், அடியில் சணல் சாக்கு விரியுங்கள். பிள்ளை பலகைமேல் குனிந்து அமுக்கக் கூடாது, கை நழுவினால் நுனி எம்பித் தாடையில் அடிக்கும். பைப்பக்கம் விரல் போகாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாய்தளத்துக்கு அதே பலகையின் ஒரு முனையை 30 செ.மீ. உயர முக்காலியில் சாயுங்கள். அரைக்கிலோ உப்புப் பாக்கெட்டைப் பொம்மை லாரியில் ஏற்றி, முன்னால் ரப்பர் பேண்ட் மாட்டி இழுங்கள். நேராகத் தூக்கும்போது பேண்ட் எவ்வளவு நீள்கிறது, சரிவில் எவ்வளவு என்று ஸ்கேலில் பாருங்கள். ரப்பர் ஒரே சீராக நீளாது; அதனால் எதில் அதிகம், எதில் குறைவு என்பதோடு விடுங்கள். சக்கரம் இல்லாமல் பாக்கெட்டை இழுத்தால் லாபத்தை உராய்வு தின்றுவிடும். இன்னொரு தொல்லை, வண்டியை மேலேயிருந்து ஓடவிடுவதில் பிள்ளைக்கு ருசி வந்துவிட்டால் ஏற்றம் மறந்துபோகும்.

ஆனால் சேலத்துப் பிள்ளைகளுக்குச் சாய்தளத்தில் ஒரு வசதி உண்டு. ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்த்தி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ண வையுங்கள். சுமார் 1200 மீட்டர் உயரத்தை நேராக ஏற எந்த பஸ்ஸாலும் முடியாது. பாதையை நீட்டி, சரிவைக் குறைத்திருக்கிறார்கள். வீட்டில் முக்கோணக் காகிதத்தைப் பென்சிலில் சுற்றினால் அதே பாதை திருகாணியாகத் தெரியும்.

கப்பி? மேலே கட்டிய ஒற்றைக் கப்பி இழுக்கும் திசையை மாற்றுமே தவிர பாரத்தைக் குறைக்காது. 2 கிலோ வாளிக்கு 2 கிலோ இழுவைதான். காலி நூல் உருளையில் செய்தால் உராய்வும் சேர்ந்து இன்னும் கனக்கும். ‘லேசாயிடும் கண்ணு’ என்று சொல்லிவிட்டு முழிக்க வேண்டியதுதான். கயிற்றின் ஒரு முனையை மேலே கட்டி, வாளியோடு சேர்ந்து ஏறும் இன்னொரு கப்பியைக் கோத்தால் இழுவை ஏறக்குறைய பாதியாகும். 1 மீட்டர் தூக்க 2 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். இதற்கு இரும்புக்கடைக் கப்பியே வாங்குங்கள், கயிறு அதன் பள்ளத்தில் படிகிற கனத்தில் இருக்கட்டும். மெலிந்த கயிறு பக்கத்தகட்டுக்குள் நழுவிச் சிக்கினால், வாளியை இறக்கிவிட்டுத்தான் எடுக்க முடியும்.