இரவு ஒரு மணி நேரம்: திரும்பப் படிப்பதா, மூடிவைத்து எழுதுவதா?

வேலைக்குப் போய்க்கொண்டே டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நாளில் மிஞ்சுவது பெரும்பாலும் இரவு ஒன்பதுக்கு மேல் ஒரு மணி நேரம்தான். தேர்வு எல்லோருக்கும் ஒன்றே: 3 மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். பாதி தமிழ், அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்பதில் எதிரெதிரான வழிகள் உண்டு. உட்கார்ந்து படிக்கும்போது சுகமாக இருக்கிற வழி எது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால், அநேகமாகத் தவறானது கையில் வரும். ஒரு வாரம் கழித்து எது மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடிக்கோடா, வெள்ளைத் தாளா?

பாடத்தைப் படித்து, முக்கியமான வரியில் அடிக்கோடு போட்டு, மறுநாள் அதையே திரும்பப் படிப்பது நம்மில் பெரும்பாலோர் வழக்கம். இன்னொரு வழி: ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை வெள்ளைத் தாளில் எழுதிப் பார்ப்பது.

ரோடிகர், கார்ப்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் இந்த இரண்டையும் கல்லூரி மாணவர்களிடம் ஒப்பிட்டார்கள். ஒரு பத்தியை இரண்டு முறை படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து 81 சதவீதம் சொன்னார்கள்; ஒருமுறை படித்து ஒருமுறை எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. ஆகவே நாளைக் காலையே பரீட்சை என்றால் திரும்பப் படிப்பதில் பெரிய நஷ்டமில்லை. மூன்று மாதம் தள்ளி என்றால் நஷ்டம் பெரிது.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். 20 நிமிடம் நான்கைந்து பக்கம் படியுங்கள், கையில் பேனா வேண்டாம். புத்தகத்தை மூடி 15 நிமிடம் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பு மையில் திருத்துங்கள். இதற்கு 10 நிமிடம். மீதி 15 நிமிடம் பழைய பாடத்துக்கு.

பலர் இதில் சறுக்குவது இரண்டு இடங்களில். முதலாவது, வராத விடைக்காக இரண்டு நொடிகூடக் காத்திராமல் புத்தகத்தைத் திறந்துவிடுவது. பத்து நொடியாவது தேடிப் பாருங்கள். அந்தத் தேடலில்தான் பலன் இருக்கிறது. இரண்டாவது, எழுதாமல் மனதுக்குள்ளேயே ‘இது தெரியும்’ என்று தாண்டிப்போவது.

‘ஓ.எம்.ஆர். தேர்வுதானே, விடையைப் பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. தொடர்ந்து வாசித்தவருக்கு அரசியலமைப்பின் சட்டப்பிரிவு 32, 226 இரண்டுமே தெரிந்த முகமாகத்தான் தெரியும். உயர் நீதிமன்றம் எந்தப் பிரிவின் கீழ் நீதிப்பேராணை (ரிட்) பிறப்பிக்கிறது என்று கேட்டால் இரண்டுமே சரிபோலத் தோன்றும். 32 உச்ச நீதிமன்றத்துக்கு, 226 உயர் நீதிமன்றத்துக்கு என்று ஒருமுறை தானாக எழுதிப் பார்த்தவர் குழம்ப மாட்டார்.

தினம் ஒரு மணி நேரமா, ஞாயிறு முழுக்கவா?

பிரிட்டனில் தபால்காரர்களுக்குத் தட்டச்சு விசைப்பலகை கற்பித்தபோது பேட்லி, லாங்மன் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். 1978-இல் முடிவு வெளிவந்தது. தினம் ஒரு மணி நேரம் பழகியவர்கள் சுமார் 35 மணி நேரத்தில் விசைகளைக் கற்றார்கள். தினம் நான்கு மணி நேரம் பழகியவர்களுக்குச் சுமார் 50 மணி நேரம் ஆனது. ஆனால் நாள் கணக்கில் பார்த்தால் நான்கு மணி நேரக்காரர்களே முந்தினார்கள். தினம் ஒரு மணி நேரக்காரர்கள்தான் தங்கள் பயிற்சியில் திருப்தி குறைந்தவர்களாக இருந்தார்கள்! லோயர், ஹையர் தேர்வுக்காக டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தினம் ஒரு மணி நேரம் போய்வந்தவர்களுக்கு அந்த அலுப்பு புரியும்.

தேர்வுக்கு மாதக்கணக்கில் நேரம் இருந்தால் தினம் ஒரு மணி நேரம்தான். ஷிப்ட் வேலையால் ஞாயிறு மட்டுமே கிடைக்கிறது என்றால், அன்று ஒரே பாடத்தை நான்கு மணி நேரம் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். நான்கு பாடம் எடுங்கள். ஒவ்வொன்றையும் அடுத்தடுத்த ஞாயிறுகளில் மறுபடி தொடுங்கள். வார நாளில் பஸ்ஸில் கிடைக்கும் பத்து நிமிடம், அடுத்து சொல்லப்போகிற கேள்வி-விடைக் கார்டுகளுக்கு.

அட்டைப் பெட்டியா, ஆன்கியா?

1972-இல் செபாஸ்டியான் லைட்னர் ஜெர்மன் மொழியில் எழுதிப் பரப்பிய முறை இது. ஒரு பெட்டியில் ஐந்து அறைகள். கேள்வி ஒரு பக்கம், விடை மறுபக்கம். சரியாகச் சொன்னால் கார்டு அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாவதை நான்கு நாளுக்கு ஒருமுறை, நான்காவதை வாரம் ஒருமுறை, ஐந்தாவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஷூ டப்பா ஒன்று, சார்ட் அட்டை சில. சாதாரண ஏ4 தாளில் வெட்டினால் பின்பக்கத்து மை தெரிந்து விடை காட்டிக்கொடுத்துவிடும்.

ஆன்கி இதே வேலையைச் செய்யும் செயலி. ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் காசு. அடுத்து எப்போது காட்ட வேண்டும் என்பதைக் கார்டு கார்டாகக் கணக்கிடும். ஆயிரம் கார்டைத் தாண்டினால் பெட்டியால் அதனுடன் போட்டிபோட முடியாது. இரண்டு எச்சரிக்கை. நாளைக்கு 20 புதுக் கார்டு என்பதுதான் அதில் ஏற்கனவே இருக்கும் அமைப்பு. சில வாரங்களில் மறுபார்வை மட்டுமே நாளைக்கு நூற்றைம்பதைத் தொடும், நான்கு நாள் விட்டால் மலையாகக் குவியும். வேலைக்குப் போகிறவர் அந்த 20-ஐ 8 அல்லது 10 ஆகக் குறைத்துவிட வேண்டும். அடுத்து, விடை மறந்துபோனபோது ‘ஹார்டு’ பொத்தானை அமுக்காதீர்கள். அது ‘கஷ்டப்பட்டுச் சொன்னேன்’ என்று அர்த்தம். செயலி இடைவெளியைக் கூட்டிவிடும். மறந்தால் ‘அகெய்ன்’ மட்டுமே.

எது எடுத்தாலும் கார்டு எழுதுவதில்தான் பாதி வெற்றி. ‘ஐந்து நீதிப்பேராணைகள் எவை?’ என்று ஒரே கார்டில் கேட்டால் நான்கு வந்து ஒன்று வராது, அதையே மாதக்கணக்கில் தவறவிடுவீர்கள். பிரித்து எழுதுங்கள்: சட்டவிரோதக் காவலில் இருப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்வது எது? ஆட்கொணர்வு. ஒருவர் அந்தப் பதவியில் இருக்க உரிமை உண்டா என்று கேட்பது எது? தகுதிமுறை வினவும் பேராணை. மற்ற மூன்றும் இப்படியே. அடுத்தவர் செய்த 5,000 கார்டுத் தொகுப்பை இறக்கிக்கொள்வதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். புரியாத பாடத்தின் கார்டு வெறும் சத்தமாகத்தான் மனதில் நிற்கும். சிவப்பு மையில் திருத்தியவை மட்டுமே கார்டாகட்டும். முதல் மாதத்துக்குப் பெட்டி, பழக்கம் நின்றபின் ஆன்கி.

கணக்கு: ஒரே வகையா, கலந்தா?

ரோரர், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் கன அளவுக் கணக்குகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரே வகையாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரி, ஒரு வாரம் கழித்து 20. கலந்து போட்டவர்கள் பயிற்சியில் 60, பிறகு 63.

காரணம் எளிது. கூட்டுவட்டி அத்தியாயத்தில் 25 கணக்கை வரிசையாகப் போடும்போது எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. தேர்வில் தலைப்பு இருக்காது. ‘10,000 ரூபாய், 8 சதவீதம், 2 ஆண்டு, கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம்?’ என்று வந்தால், அசலை 8/100-இன் வர்க்கத்தால் பெருக்கினால் போதும், 64 ரூபாய் என்று பிடிபட வேண்டும். புது வகை வரும்போது முதல் நான்கைந்து கணக்கை வரிசையாகப் போடுங்கள். அதன்பிறகு வட்டி, விகிதம், மீ.சி.ம., வேலையும் நேரமும் என்று பத்துக் கணக்கைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுங்கள்.

தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது புதுக் கார்டை நிறுத்திவிட்டு, மூன்று மணி நேர முழுத்தேர்வாக மூன்று தாள் எழுதுங்கள். அதில் தப்பானவை எல்லாம் முதல் அறைக்கு.