ஆனேக்கல் ஆப்பிளும் லேபிள் சுரண்டிய பாட்டிலும்

பெங்களூரைச் சுற்றி ஆப்பிள் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. 'தின்னிங் மருந்து' (பிஞ்சைக் குறைக்கும் மருந்து) என்று யாராவது பாட்டிலோடு வந்தால், நான் பட்டதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள்.

ஆனேக்கல் பக்கம் மனைவி பெயரில் கொஞ்சம் நிலம். 48 மரம். பெரும்பாலும் அன்னா ரகம், மகரந்தத்துக்காக நடுநடுவே டார்செட் கோல்டன் ரகம். மரம் பூக்க இங்கே குளிர் போதாது என்பதால் டிசம்பரில் ஆள் வைத்து இலையை உருவிவிட்டோம். ஜனவரிக் கடைசியில் பூத்துத் தள்ளியது. ஒரு கொத்துக்கு ஐந்து, ஆறு பிஞ்சு. அத்தனையையும் விட்டால் எலுமிச்சை அளவுக்கு மேல் தேறாது. அதோடு, பிஞ்சின் விதையில் சுரக்கும் ஜிப்ரலின் என்ற ஹார்மோன் அடுத்த வருஷத்துப் பூமொட்டையும் கெடுக்கும். இந்த வருஷம் காய்த்துக் குலுங்கிவிட்டு மறு வருஷம் மரம் சும்மா நிற்பது அதனால்தான். ஆக, பிஞ்சைக் குறைத்தே ஆக வேண்டும்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அன்றே சொன்னார், "நாங்களே கிள்ளிப் போட்டுடறோம் சார், மூணு நாள் வேலை." கேட்டேனா?

வாட்ஸாப் குழுவில் ஒருவர் என்னைப் பிடித்தார். சிம்லாப் பக்கம் ஆறு வருஷம் வேலை பார்த்தாராம். 'அண்ணே, அண்ணே' என்று வாய் நிறையத் தமிழ். கன்னடத்தில் தட்டுத்தடுமாறும் எனக்கு அது போதுமாக இருந்தது. (பெங்களூரில் நம்மைக் கவிழ்க்க வேறெதுவும் வேண்டாம்.) வந்தார், மரத்தோடு படம் எடுத்துக்கொண்டார், 3,000 ரூபாய் வாங்கினார். ஒரு பிஞ்சைக்கூட அளந்து பார்க்கவில்லை. அரை லிட்டர் பாட்டில் ஒன்று, அடுத்த ரவுண்டுக்கு என்று பொட்டலத்தில் வெள்ளைத் தூள். இரண்டும் சேர்த்து 6,500. "15 லிட்டர் டேங்குக்கு 30 மில்லி அண்ணே, தைரியமா அடிங்க."

பிப்ரவரி உச்சி வெயிலில் அடித்தோம். மறுநாளே இலையெல்லாம் நனைந்த துணி மாதிரித் தொங்கிற்று. பத்து நாளில் பிஞ்சு கொட்டித் தீர்ந்தது. கொட்டாமல் நின்றதில் பாதி, கோலிக்குண்டு அளவோடு வளர்ச்சி நின்று அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். லேபிளைச் சுரண்டியிருந்தார்கள். பிசின் ஒட்டிய ஒரு மூலையில் மட்டும் '4.5% எஸ்.எல்.' என்று மிச்சம். கோயம்புத்தூரில் விவசாயம் படித்த சித்தி பையனுக்குப் படம் அனுப்பினேன். "அண்ணா, இது என்.ஏ.ஏ. மாதிரி இருக்கு. பருத்திக்கும் மிளகாய்க்கும் பூ கொட்டாம இருக்க அடிக்கிற மருந்து. கடையில 100 மில்லி 200 ரூபாய்க்குள்ள கிடைக்கும்."

கொட்டாமல் இருக்க அடிப்பதா? ஆமாம். என்.ஏ.ஏ., அதாவது நாஃப்தலீன் அசிட்டிக் அமிலம், இரண்டு வேலையும் செய்யும். பிஞ்சு 8 முதல் 12 மில்லிமீட்டர் இருக்கும்போது அடித்தால் உதிர்க்கும், அறுவடைக்கு முன்னால் அடித்தால் காயைப் பிடித்து நிறுத்தும். எந்த நாளில், எவ்வளவு என்பதுதான் எல்லாமே. பிஞ்சு குறைக்க 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), கூடிப்போனால் 20. 10 பிபிஎம் என்றால் இந்தப் பாட்டிலில் 15 லிட்டருக்கு 3 மில்லி சொச்சம். அவர் சொன்ன 30 மில்லிக்குக் கணக்குப் போட்டால் 90 பிபிஎம்! வெயில் ஏற ஏற வேகமும் கூடுமாம்.

அளவு சரியாகவே இருந்திருந்தாலும் இங்கே சிக்கல்தான். இமாச்சலில் ஏப்ரலில் மொத்தத் தோட்டமும் ஒன்றாகப் பூக்கும், ஒரு நாளைக் குறித்து அடிக்கலாம். நம் மரத்தில் ஒரு கிளையில் மொட்டு, பக்கத்துக் கிளையில் சுண்டைக்காய் அளவுப் பிஞ்சு. எந்தப் பிஞ்சுக்கு நாள் பார்ப்பது? 48 மரத்துக்குக் கத்தரிக்கோல் போதும். கொத்துக்கு நல்ல பிஞ்சாக ஒன்றை விட்டு, ஒரு சாண் இடைவெளி வைத்து மற்றதை நறுக்கினால் முடிந்தது.

தூள் என்ன என்பது அவர் அனுப்பிய செய்தியிலேயே இருந்தது: கார்பரில். வெளிநாடுகளில் ஆப்பிள் பிஞ்சு உதிர்க்க வெகுகாலம் அடித்த பூச்சிமருந்துதான். ஆனால் இந்தியாவில் 2018 ஆகஸ்டிலேயே தடை. தேனீக்கு எமன் வேறு. பக்கத்துத் தோட்டத்தில் 20 தேனீப் பெட்டி இருக்கிறது. பொட்டலத்தைப் பிரிக்காமல் விட்டது யார் செய்த புண்ணியமோ.

மருந்து கொடுத்த ஆளைக் கேட்டால் முதலில் "வெயில் அண்ணே" என்றார், அப்புறம் நீல டிக் மட்டும், அப்புறம் பிளாக். ரைத சம்பர்க்க கேந்திராவுக்கு (கர்நாடக அரசின் விவசாயிகள் உதவி மையம்) போனேன். அங்கே கேட்ட முதல் கேள்வி: பில் எங்கே? பூச்சிமருந்து விற்க லைசென்ஸ் வேண்டும், பில் தர வேண்டும். என்னிடம் இருப்பதோ வேறு யாரோ ஒருவர் பெயருக்குப் போன ஜிபே ரசீது. போன வாரம் அதே குழுவில் புது எண்ணிலிருந்து, என் மரத்தோடு எடுத்த அதே படம்: 'தின்னிங்குக்கு முன்'. 'பின்' படத்தைத்தான் காணோம்.

அந்தத் தூளைச் சாக்கடையிலோ கிணற்றோரமோ கொட்டிவிடாதீர்கள் என்று அதிகாரி சொன்னார், எங்கே கொடுப்பது என்று விசாரித்துச் சொல்வதாகவும் சொன்னார். மூன்று கவர் சுற்றி, மோட்டார் ரூம் பரண்மேல் வைத்திருக்கிறேன்.